ஏழு வசனமும் ஒரு வீட்டிலக்கமும்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், ஒரு தொடர்மாடியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது என் ஜேர்மன் மொழி வகுப்பு. வகுப்பு என்றால் எங்கள் வீட்டு முன்னறைதான். பத்துக் கதிரை, ஒரு வெள்ளைப் பலகை, ஒரு சின்ன ஒலிபெருக்கி. ரெயில் பாதை கூப்பிடு தூரம். ரெயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். முதலில் அதற்காகக் கேட்டல் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். பிறகு நிறுத்துவதை விட்டுவிட்டேன். பரீட்சையில் கேட்டலின் இரண்டாம் பகுதியில் நிலைய அறிவிப்பு மாதிரியான ஒலிப்பதிவுகள் வரும். அவற்றை ஒரேயொரு தடவைதான் போடுவார்கள். சத்தத்துக்குள்ளே சொல்லைப் பிடிக்கப் பிள்ளைகள் பழகட்டும்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்யாணமான இளம் பெண்கள். வவுனியா, கிளிநொச்சி, மட்டக்களப்பு, வல்வெட்டித்துறை என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் வந்து, கொழும்பில் மாமி வீட்டிலோ விடுதியிலோ தங்கிப் படிக்கிறார்கள். கணவர் ஜேர்மனியில். தாலி கட்டி இரண்டு கிழமையில் அவர் திரும்பிப் போயிருப்பார். இவர்கள் போவதற்கு ஏ1 என்ற ஆரம்பநிலை ஜேர்மன் மொழிச் சான்றிதழ் வேண்டும். கொழும்பு 7இல் கிரெகரிஸ் வீதியிலுள்ள கோதே நிறுவனத்தில் பரீட்சை. நூற்றுக்கு 60 எடுத்தால் சித்தி. கேட்டல் 20 நிமிடம், வாசித்தல் 25, எழுதுதல் 20, கடைசியில் சில பேரை ஒன்றாக இருத்திக் கதைக்கச் சொல்லும் ஒரு கால் மணித்தியாலம். பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்குவது அந்தக் கால் மணித்தியாலம்தான்.

கதைத்தலின் முதல் பகுதிக்கு ஒரு மட்டை வைப்பார்கள். அதில் ஏழு சொற்கள்: பெயர், வயது, நாடு, வசிக்கும் இடம், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு. ஏழையும் ஏழு வசனமாகச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்யவேண்டும். பிறகு ஒரு சொல்லை எழுத்துக் கூட்டச் சொல்வார்கள், ஓர் இலக்கத்தைச் சொல்லச் சொல்வார்கள். 2008இலிருந்து நான் படிப்பித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே அந்த ஏழு வசனத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குளிக்கும்போதும் சொல்லு, பஸ்ஸிலும் சொல்லு, ஓர் எழுத்தையும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். கந்தசஷ்டி கவசம் மாதிரி வரவேண்டும் என்பேன். வந்தது. என் பிள்ளைகளில் அந்தப் பகுதியில் தடக்கியவர்கள் மிகக் குறைவு.

அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஓமா

நான் ஜேர்மன் படித்தது எந்த நிறுவனத்திலும் இல்லை. 1985 மார்ச்சில், அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் கனபேர் போன வழியால்தான் நானும் போனேன். கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம், அங்கிருந்து ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸெ, பிறகு ரெயிலில் மேற்கு பேர்லின். அங்கே பதிந்து, பங்கிட்டு, கடைசியில் வெஸ்ட்ஃபாலியாவில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு தளபாடத் தொழிற்சாலை, மழை. பழைய விடுதி ஒன்றில் 19 பேர் இருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டக் கடிதம் வேண்டும். மொழி படிக்க அரசாங்க வகுப்பு எங்களுக்குக் கிடையாது. எங்களுடைய வழக்கு முடியவில்லை, நாங்கள் தங்குவோமா என்று தெரியாது, தங்காதவனுக்கு மொழி எதற்கு என்பது அவர்களுடைய கணக்கு. படிக்கவேண்டாம் என்று அன்றைக்கு வாசலில் இருத்தி வைத்த அதே நாடு, 2007 ஆகஸ்டிலிருந்து, படித்துவிட்டுத்தான் வாசலுக்கே வரலாம் என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறது. அமெரிக்காக்காரருக்கும் ஜப்பான்காரருக்கும் அவுஸ்திரேலியாக்காரருக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. அவர்களுடைய மனைவிமார் அங்கே இறங்கிய பிறகு ஆறுதலாகப் படிக்கலாம். 1706இல் ஜேர்மன் பாதிரியார் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கும் தமிழ் தெரியாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து மணலில் எழுதிப் படித்தார். பத்து வருடத்தில் அவருடைய தமிழ் இலக்கணம் ஜேர்மனியின் ஹல்லெ நகரில் அச்சாகிவிட்டது. மொழி என்பது போய் இறங்கிய மண்ணில் படிக்கிற விஷயம் என்று நான் நினைக்கிறேன். இதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்த பிழை சட்டத்தினுடையது இல்லை, என்னுடையது.

அந்த ஊரின் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை இருந்தார். ஐம்பத்தைந்து தாண்டிய மனுசி. பகலில் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் சைக்கிளில் எங்களிடம் வருவார். தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள சின்ன மண்டபத்தின் திறப்பு அவரிடம் இருந்தது. யாரும் கேட்டு வந்தவர் இல்லை, ஒரு சதமும் வாங்கியதும் இல்லை. வரும்போது ஒரு பிளாஸ்கில் கோப்பி, பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய கொப்பிகள், சுண்ணக்கட்டி. நாங்கள் அவரை ஓமா என்று கூப்பிட்டோம். ஜேர்மனில் அது பாட்டி. எங்களுடைய வாயில் அது 'ஓமா?' என்ற கேள்வியும்தான். பின்னேரங்களில் அந்த மண்டபத்தில் 'ஓமா?' 'ஓம், ஓமா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். எங்களுடைய 'ஓம்'தான் தங்களுடைய 'யா' என்று அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து அவரும் ஓம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அவரிடம் நான் முதலில் கவனித்தது ஒரு சொல்லை. ஊரில் எல்லோரும் எங்களை 'டூ' என்பார்கள். கந்தோரில் இருக்கிறவர், கடைக்காரர், வயதில் எங்களைவிட இளைய பொடியன்கள்கூட. டூ என்றால் நீ. உடைந்த ஜேர்மன் கதைக்கிறவனுக்கு மரியாதை தேவையில்லை என்ற எண்ணம். அவர் மட்டும் முதல் நாளிலிருந்து 'ஸீ' என்றார். இருபது வயதுப் பொடியனையும் ஸீ. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு நீக்கும் நீங்களுக்கும் நடுவில் 'நீர்' என்று ஒரு படி இருக்கிறது. ஜேர்மனில் அந்த நடுப்படி இல்லை. ஒன்றில் நீ, இல்லாவிட்டால் நீங்கள். அவர் எங்களை மேல்படியில் நிறுத்தினார். பத்து மாதமாக யாரும் என்னை நீங்கள் என்று சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு இரவு விடுதியில் நித்திரை வரவில்லை.

முதல் பாடத்துக்கு அவர் புத்தகம் திறக்கவில்லை. எழுப்பி, மழைக்குள்ளே சந்தைச் சதுக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மஞ்சள் நிறத் தொலைபேசிக் கூடு. ஒவ்வொருவராக உள்ளே விட்டார். காசு போடவில்லை, இலக்கம் சுற்றவில்லை. ரிசீவரைக் காதில் வைத்து, எங்கள் விடுதி இருக்கும் தெருவின் பெயரையும் வீட்டிலக்கத்தையும் சொல்லவேண்டும். தெருவின் பெயர் எங்கள் நாக்குக்கு வசப்படாத நீளம். 19 பேரும் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. அடுத்த கிழமையும் அதே பாடம். அதற்குப் பிறகுதான் 'எனக்கு விளங்கவில்லை', 'இன்னொருக்கால் சொல்லுங்கோ', 'மெதுவாக' என்பவை. என் பெயர் இன்னது என்ற வசனம் மூன்றாம் கிழமைதான் வந்தது.

ஏன் இப்படி என்று எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது, ஏனென்றால் விளங்கிக்கொள்ளுமளவுக்கு ஜேர்மன் வர ஒரு வருடம் எடுத்தது. 1945 தை மாதத்தில், 16 வயதில், தாயுடனும் சின்னத் தம்பியுடனும், அப்போது ஜேர்மனியின் கிழக்கு ஓரமாயிருந்த சைலீசியாவிலிருந்து மேற்கே ஓடிவந்தவர் அவர். அந்தப் போரின் முடிவில் கிழக்கிலிருந்து ஓடியும் துரத்தப்பட்டும் வந்த ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம் ஜேர்மானியரில் மூன்று பேர். தம்பியின் கோட்டு உள்பக்கத்தில் தாய் ஒரு துணித்துண்டில் பெயரையும், மேற்கில் இருந்த ஒரு மாமியின் முகவரியையும் எழுதித் தைத்திருந்தாராம். வழியில் ஒரு நிலையத்தில் சனத்துக்குள் தம்பி தவறிவிட்டான். பதினொரு நாளுக்குப் பிறகு யாரோ அவனை அந்த மாமியின் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னபோது அவர் அழவில்லை. கோப்பியை ஊற்றிக்கொண்டே, தெருவும் இலக்கமும் தெரிந்தால் யாராவது கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்றார்.

1993 மே 29 அதிகாலை சோலிங்கனில் ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் இறந்தார்கள். நான் அப்போது விடுதியை விட்டு, ஒரு பட்டறைக்கு மேலே சின்ன அறையில் இருந்தேன். அன்றைக்குப் பின்னேரம் ஓமா தொலைபேசி எடுத்தார். சுகம் கேட்கவில்லை. 'உங்கள் தெரு? இலக்கம்?' என்றார். சொன்னேன். 'இன்னும் வேகமாக' என்றார். அந்த வருடம் ஜூலை முதலாம் திகதி ஜேர்மனியின் தபாற்குறியீடுகள் நாலு இலக்கத்திலிருந்து ஐந்தாக மாறின. பழைய நாலு இலக்கமும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முந்திய விடுதித் தெருவை இந்த நிமிடம் நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்வேன்.

இவ்வளவும் தெரிந்தவன் நான்.

இஷ் வோனெ இன் வவுனியா

அம்மாவைப் பார்க்க 2006இல் திரும்பி வந்தேன். வெள்ளவத்தையை விட்டு வரமாட்டேன் என்று அவர் சொன்னதால் நானும் நின்றுவிட்டேன். இரண்டு வருடத்தில் வகுப்பு தொடங்கியது. ஆரம்பத்தில் ஓமாவைப்போலத்தான் படிப்பிக்க நினைத்தேன். ஆனால் பிள்ளைகளிடம் மூன்று மாதம்தான் இருக்கும். 'எப்ப சேர் பாஸ் பண்ணலாம்?' என்று தகப்பன்மார் கேட்பார்கள். அங்கேயிருந்து கணவர்மார் கேட்பார்கள். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் நாள் கணக்கில் காசு போகும். ஒருமுறை தவறினால் அந்தப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை வீட்டில் மாறிவிடும். ஆகவே பரீட்சைக்கு என்ன தேவையோ அதைக் கொடுத்தேன். நல்ல பெயர் வந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

வவுனியாப் பிள்ளை ஒருத்தி. படிப்பில் கெட்டிக்காரி. 'ஏனென்றால்' என்ற பொருளில் 'வைல்' போட்டால் வினை கடைசிக்குப் போகும் என்று நான் சொன்னதும், 'தமிழ் மாதிரித்தானே சேர்' என்று உடனே பிடித்தவள். நூற்றுக்கு 94 எடுத்தாள். போய் ஒன்றரை வருடத்தில் ஒரு தை மாத இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தாள். அங்கே பின்னேரம் ஆறு மணி. சுகம் விசாரித்துவிட்டு, 'சேருக்கு ஒரு பகிடி சொல்லவேணும்' என்றாள்.

இரண்டு கிழமைக்கு முதல், அதிகாலை இரண்டு மணி. அவளுக்கு ஐந்து மாதம். கணவர் இரவு வேலையில். கைத்தொலைபேசியை அறையில் பூட்டிவிட்டுத்தான் அங்கே உள்ளே போகவேண்டும். இவளுக்கு இரத்தம் போகத் தொடங்கிவிட்டது. 112 என்ற அவசர இலக்கம் தெரியும். எடுத்தாள். எடுத்தவர் ஏதோ கேட்டார். 'வோ' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. எங்கே.

'நான் சொன்னன் சேர். மைன் நாமெ இஸ்ட் எண்டு தொடங்கினன். நிப்பாட்ட ஏலேல்லை. வயசு சொன்னன், நாடு சொன்னன். இஷ் வோனெ இன் வவுனியா எண்டன். நான் இருக்கிறது வவுனியாவிலயாம். திருப்பி வோ, வோ எண்டு கேட்டார். நான் திருப்பி முதல்லயிருந்து சொன்னன். மைன் ஹொபி இஸ்ட் கொஹென் எண்டும் சொல்லிட்டன் சேர். எனக்குச் சமைக்கிறது பிடிக்குமாம். அந்த நேரத்தில.'

அவள் சிரித்தாள். சிரித்து முடிய நேரம் எடுத்தது.

பிறகு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போய் மேல்வீட்டு மணியை அடித்திருக்கிறாள். அங்கே தனியாக இருக்கும் வயதான மனுசி வந்து, பார்த்து, அவளைப் படியிலேயே இருத்தி, தான் எடுத்து முகவரி சொல்லியிருக்கிறார். வண்டி வந்தது. பிள்ளை தப்பிவிட்டது. இப்போது அந்தப் பெண் குழந்தை ஓடித் திரிகிறது, படம் அனுப்புவாள்.

தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு ஒரு பின்னேரம் நினைவு வந்தது. இதே முன்னறை. அவள் அந்த மூலைக் கதிரையில் இருந்து கேட்டாள்: 'சேர், அங்க போனாப்பிறகு நான் வவுனியா எண்டு சொல்லேலாதுதானே. அப்ப என்ன சொல்லுறது?' எவ்வளவு சரியான கேள்வி. நான் பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: 'அதை அங்க போய்ப் பாப்பம். இப்ப இதைப் பாடமாக்கும் பிள்ளை.'

அவள் பாடமாக்கினாள். நான் சொன்னபடி ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

அவள் இதை ஒருபோதும் குறையாகச் சொன்னதில்லை. எனக்கு நன்றி சொல்லத்தான் எடுத்ததாகவே நினைக்கிறாள். மனைவியிடம் சொன்னேன். பயத்தில் யாருக்கும் நாக்கு அப்படித்தான் புரளும், நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார். இருக்கலாம். ஆனால் பயத்தில் மனுசருக்கு எது முதலில் வாயில் வருமோ அதைத்தானே ஆசிரியன் உள்ளே வைக்கவேண்டும்? ஓமா வைத்தார். மழைக்குள் நிற்கவைத்து வைத்தார். நான் வைத்தது நூற்றுக்கு 94.

முகவரி

இப்போது என் முதல் பாடம் முகவரி. போய் இருக்கப்போகும் வீட்டின் தெரு, இலக்கம், ஐந்து இலக்கத் தபாற்குறியீடு, ஊர். அடுத்தது 112. அதற்கடுத்தது 'நைன்'. வேண்டாம் என்று சொல்லத் தெரியவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு 'யா' கற்பிக்கவே தேவையில்லை, அது தானாக வரும். நைன் என்று சொல்லச் சொன்னால் நிலத்தைப் பார்க்கிறார்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 116016ஐயும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதவைக்கிறேன். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் ஏழு வசனம். அதிலும் வசிக்கும் இடத்தை ஒவ்வொரு நாளும் மாற்றிச் சொல்லச் சொல்கிறேன். இன்றைக்குக் கொழும்பு, நாளைக்குக் காலி, நாளையின்றைக்கு டோர்ட்முண்ட்.

இதற்கு எதிர்ப்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 'அட்ரஸ் படிக்கவே சேர் காசு கட்டினனாங்கள்?' என்று ஒரு தகப்பன் கேட்டார். ஒரு தாய் இரண்டாம் கிழமையே மகளை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டார். அவர்களைப் பிழை சொல்லமாட்டேன். நான் ஆறு நாள் முகவரிக்குச் செலவழித்தால் ஆறு நாள் எழுதுதலுக்குக் குறைகிறது. போன வருடம் ஒரு பிள்ளை 58 எடுத்தாள். இரண்டு புள்ளி. பழைய முறையில் படிப்பித்திருந்தால் அவள் முதல் தடவையே போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை இரண்டாவது முறைக்குக் காசு கட்டிய அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. எது சரி என்று இன்னும் முழுதாக மனம் ஒப்பவில்லை. பரீட்சையா, அந்த இரவா என்று கேட்டால் வாய் ஒரு பதில் சொல்லும். ஆனால் பரீட்சை எல்லோருக்கும் வரும், அந்த இரவு யாருக்கோ ஒருத்திக்குத்தான் வரும்.

எதிர்பாராத இன்னொன்று. முகவரியை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றால், பாதிப் பேருக்கு அது தெரியாது. ஊரின் பெயர் தெரியும், சிலருக்குப் பக்கத்துப் பெரிய நகரத்தின் பெயர் மட்டும். வீட்டுச் சமையலறையைக் காணொளியில் பார்த்திருப்பார்கள், ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்திருப்பார்கள். அந்த ஜன்னல் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதில்லை. கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்று நினைப்பாரோ என்ற பயம் வேறு. பெரும்பாலான கணவர்மார் கேட்டதும் அனுப்பிவிடுவார்கள். சிலர், 'அது ஏன் உமக்கு? நான்தானே எயார்போட்டுக்கு வருவன்' என்பார்கள்.

இப்போதுள்ள பிரிவில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள். மட்டக்களப்புப் பக்கம். மூன்று கிழமையாக வெறுங்கொப்பி. நான் வற்புறுத்தவில்லை, வீட்டுக்குள்ளே போய் நிற்பதற்கு எனக்கு என்ன உரிமை. மற்றப் பிள்ளைகள் தங்கள் தங்கள் தெருவைச் சொல்லும்போது அவள் நான் உதாரணத்துக்குக் கொடுத்த பாஹ்ன்ஹோஃப்ஷ்ட்ராஸெயைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன சனிக்கிழமை வகுப்பு தொடங்கமுதல் அவள் என் மேசைக்கு வந்து ஒரு கடதாசித் துண்டை வைத்தாள். மண்ணிறப் பொதித்தாள், ஓரம் கத்திரிக்கோலால் வெட்டியது. கல்யாணம் முடிந்து போன பிறகு அவர் சொக்கலேட்டும் உடுப்பும் போட்டு அனுப்பிய பெட்டியின் மேலட்டை. தாய் அதைப் பத்திரமாக அலுமாரிக்கு மேலே வைத்திருந்தாவாம், சொல்லி எடுப்பித்திருக்கிறாள். அனுப்புநர் முகவரி, நீலப் பேனையில், மழை பட்டுக் கொஞ்சம் கரைந்து.

பலகைக்கு முன்னால் வந்து வாசியும் என்றேன். தெருவின் பெயரை நாலு துண்டாக உடைத்து வாசித்தாள். இலக்கம் 47. ஜேர்மனில் ஏழும் நாற்பதும் என்று பின்னாலிருந்து சொல்லவேண்டும். எங்களுக்கு அது எப்போதும் இடறும். நாற்பதும் ஏழும் என்று தமிழ் ஒழுங்கில் நினைத்துக்கொண்டு ஜேர்மனில் சொன்னாள், வந்தது எழுபத்துநாலு. அங்கே 74ஆம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள் பிள்ளை என்றேன். முகம் மாறிவிட்டது. கண்ணை மூடி, விரலால் காற்றில் முதலில் ஏழையும் பிறகு நாலையும் எழுதிப் பார்த்துவிட்டு, 'ஸீபென்-உன்ட்-ஃபியர்ட்ஸிஷ்' என்றாள். அந்த நேரம் பார்த்துப் பாணந்துறைப் பக்க ரெயில் வந்தது. ஜன்னல் அதிரத் தொடங்கியது. அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

'நிப்பாட்டாதையும்,' என்றேன். 'இன்னும் பலமாச் சொல்லும்.'